ஏற்கெனவே உதவித்தொகை வாங்கும் முகம்

போன மாதம் சிதம்பரத்திலிருந்து ஒரு பேராசிரியை கடலூர் முதுநகரில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். பையில் பழைய நாடக நோட்டீஸ்கள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடித்தாள் உறையில். நாங்கள் அவற்றை அச்சடித்த காலத்தில் பாதியைச் சுவரில் ஒட்டினோம். மீதியில் டீக்கடைக்காரர் போண்டா மடித்தார். இப்போது தொட வேண்டுமானால் வெள்ளைக் கையுறை போட வேண்டுமாம். எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார். போட்டுக்கொண்டேன்.

எல்லா நோட்டீஸிலும் கீழ் மூலையில் ஒரே பபூன் சிரித்துக்கொண்டிருந்தான். கூம்புத் தொப்பி, கழுத்தைச் சுற்றித் தட்டு வைத்தது போல மடிப்பு மடிப்பாக ஒரு காலர், வெள்ளை முகம், ஒரு புருவம் மட்டும் நெற்றிக்கு ஏறியிருக்கும்.

"ஐயா, யாரு இந்தக் கலைஞர்? ஒரே நாள்ல சிதம்பரத்துலயும் நடிச்சிருக்காரு, பெண்ணாடத்துலயும் நடிச்சிருக்காரு. இருபது முப்பது வருஷமா வயசே ஆகல. பேரு மட்டும் ஊருக்கு ஊர் மாறுது. கடைசிக் காலத்துல மூக்குல ஒரு தழும்பு வந்திருக்கு. குரு தன் வேஷத்தைச் சீடனுக்குக் கொடுக்கற மரபா இருக்கும்னு ஒரு கட்டுரை எழுதியிருக்கேன்" என்றார்.

எழுதியே விட்ட பிறகு நான் என்ன சொல்ல? அது ஆள் இல்லை, படம் அச்சடிக்கும் கட்டை, நாங்கள் பிளாக் என்போம் என்றும், மூக்கில் இருப்பது நான் கீழே போட்டதால் வந்த விரிசல் என்றும் சொன்னேன். முகம் வாடிப்போய் எழுந்து போனார். அவரிடம் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் இறந்துவிட்டார்கள். இனி எந்த அலுவலகமும் அவர்களிடமிருந்து எதையும் நிறுத்த முடியாது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பெண்ணாடத்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றினேன், சேத்தியாத்தோப்பில் ஓட்டலில் மாவாட்டினேன், முதுநகரில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன். ஐஸ் உடைத்ததில் இரண்டு விரல் மரத்துப்போயிற்று. எதிரில் ஒரு அச்சகம் இருந்தது. உள்ளே மின்விசிறி ஓடுவது தெரிந்தது. சிலருக்குச் சிறு வயதிலேயே கலை ஆர்வம் வருமாம். எனக்கு அந்த மின்விசிறிதான் வந்தது. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, காகிதம் பறக்கும் என்று அதை முதலாளி தலைக்கு மேல் மட்டும் வைத்திருந்தார்கள்.

பெட்டியில் எந்த அறையில் எந்த எழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க ஒன்றரை வருடம் ஆனது. எழுத்தைத் தலைகீழாகக் கோத்து, கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாற்றிப் படிக்கப் பழகினேன். பள்ளியில் நேராகப் படிக்க வராதவனுக்கு இது நன்றாக வந்தது.

முதலாளி பெயர் இன்னாசி. கோபம் வந்தால் மரியாதை கூடும் மனிதர். வேலை நன்றாக இருந்தால் "டேய், இங்க வாடா" என்பார். "தம்பி" என்றால் எங்கோ தவறு இருக்கிறது. "நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றால் அன்று வேலை போனது. அவரிடம் மூன்று முறை உட்கார்ந்திருக்கிறேன். மூன்று முறையும் ஊர் ஊராகத் திரிந்து, சிதம்பரத்தில் வேறு அச்சகங்களில் மை பூசி, திரும்பி வந்து சேர்ந்திருக்கிறேன். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். "போய்க் கைய கழுவுடா" என்பார்.

புரூப்பைக் கடைசி வரியிலிருந்து மேலே நோக்கித்தான் படிப்பார். ஏன் என்று ஒரு முறை கேட்டேன். "மேலேர்ந்து படிச்சா அர்த்தம் புரிஞ்சிடும்டா. அர்த்தம் புரிஞ்சா தப்பு கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

திருவிழாக் காலத்தில் நாடக நோட்டீஸ்தான் எங்களுக்குச் சோறு. மஞ்சள், பச்சை, ரோஸ் நிறத்தில் மெல்லிய காகிதம். மேலே சாமி பெயர். அடுத்து சபாவின் பெயர். அதற்குக் கீழே உள்ளங்கை அளவு மர எழுத்தில் நாடகத்தின் பெயர். நடுவில் ராஜபார்ட் படமும் ஸ்திரீபார்ட் படமும். இவர்கள் இருவரும் தங்கள் முகத்தைத் தாங்களே பிளாக் எடுத்துவைத்திருப்பார்கள். துண்டில் சுற்றி இடுப்பில் செருகி வந்து கொடுப்பார்கள். அச்சு முடிந்ததும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வாங்கிப் போவார்கள். ராஜபார்ட் ஒருவர் முதலில் எடுத்த பிளாக்கையே கடைசி வரை தந்தார். மேடையில் அவருக்குத் தொப்பை விழுந்த பிறகும் எங்கள் நோட்டீஸில் இளைஞராகவே இருந்தார்.

பபூனுக்கு யாரும் பிளாக் எடுக்கவில்லை. ஆனால் பபூன் படம் இல்லாத நோட்டீஸை ஜனங்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இதற்கு இன்னாசி முதலாளி கண்ட வழிதான் அந்த முகம். புதுச்சேரியில் மூடிப்போன ஒரு பிரெஞ்சுக்காரர் காலத்து அச்சகத்தின் சாமான்களை எடைக்கு வாங்கிவந்தார். அதில் மரக்கட்டையில் கையால் செதுக்கிய ஒரு வெள்ளைக்காரக் கோமாளி இருந்தான். எந்த ஊர் சர்க்கஸோ, எந்தக் காலத்து நாடகமோ, தெரியாது. அவனைத்தான் ஜில்லா முழுக்க எல்லா சபாவுக்கும் போட்டோம். கட்டை தேய்ந்து எழுத்தைவிடத் தாழ்ந்திருந்ததால், அடியில் பழைய கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து நாலு மடிப்பு ஒட்டி உயர்த்துவேன். ஒரு மடிப்பு குறைந்தால் சிரிப்பு விழாது. கூடினால் பல் கறுத்துவிடும்.

படத்துக்குக் கீழே பெயர். வரியில் இடம் மிஞ்சினால் ஈயக்கட்டை வைத்து அடைக்கலாம். ஆனால் கட்டை எப்போதும் பற்றாது. அதனால் பட்டம் வைத்து அடைப்போம். ஒரு அங்குலம் என்றால் "சிரிப்பு வெடி". இரண்டு அங்குலம் என்றால் "நகைச்சுவைச் சூறாவளி". அதற்கும் மேல் இடம் இருந்தால் "வயிறு குலுங்க வைக்கும் வித்தகர்". சின்னப் பெயர் உள்ளவர்களுக்குப் பெரிய பட்டம் கிடைத்தது. பேராசிரியையின் கட்டுரையில் இந்தப் பட்டங்களை யார், எந்த விழாவில் வழங்கினார்கள் என்று ஆராய்ந்து ஒரு பகுதி இருக்கிறதாம்.

இந்த முகத்தால் முதலில் அவதிப்பட்டவர் தனகோட்டி. சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஆள், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஆனாலும் இருவரும் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வோம். அவர் மேடைக்கு வரும்போது தலையில் துண்டைக் கட்டி, கரியில் மீசை வரைந்து வருவார். ஒரு திருவிழாவில் ஜனங்கள் அவரை நடிக்கவே விடவில்லை. "நோட்டீஸ்ல போட்ட ஆளு எங்கடா? ஏமாத்துறீங்களா?" என்று கத்தினார்கள். மறுநாள் நேராக அச்சகத்துக்கு வந்தார்.

"ஏன் மச்சான், என்னைக்காவது நான் தட்டுல தலைய வெச்ச மாதிரி வந்திருக்கேனா? எவன்டா அவன்?"

"யாருன்னு தெரியாது மச்சான். எடைக்கு வாங்குனது."

"எடைக்கு வாங்குன மூஞ்சிக்கு கீழ எம் பேரா?"

வேறு வழியில்லை. பழைய வேட்டியைக் கஞ்சி போட்டு, மனைவியை மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்லி, கழுத்தில் கட்ட ஆரம்பித்தார். அட்டையில் தொப்பி. மற்ற பபூன்களும் அப்படியே செய்தார்கள். நாலைந்து வருடத்தில் கெடிலம் ஆறு முதல் வெள்ளாறு வரை பபூன் என்றால் அந்த வேஷம்தான் என்று ஆயிற்று. இந்தப் பக்கத்து நாடகத்தில் பிரெஞ்சுத் தாக்கம் உண்டு என்று இப்போது சொல்கிறார்களாம். உண்மைதான். எவ்வளவு கிலோ என்பது மட்டும் எனக்கு நினைவில்லை.

ஆனால் தனகோட்டிக்கு மனம் ஆறவில்லை. ஸ்டுடியோவில் வேஷம் இல்லாமல் தலையை வாரி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். "ஒரே ஒரு தடவ எம் மூஞ்சியப் போடு மச்சான். எம் பொண்டாட்டி பாக்கணும்" என்றார். புதுச்சேரியில் பிளாக் எடுத்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்தேன். அந்த வாரம்தான் கோயில் குடமுழுக்குப் பத்திரிகையில் தேதியை மாற்றிக் கோத்துவிட்டேன். முதலாளி என்னிடம் "நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பை எங்கோ தொலைந்தது, போட்டோவும் அதோடு போயிற்று. திரும்பி வந்தபோது தனகோட்டி அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு ஈய எழுத்து போய் ஆப்செட் வந்தது, அது போய் பிளக்ஸ் வந்தது. முதலாளி இறந்தார், பிள்ளைகள் இயந்திரத்தை எடைக்குப் போட்டார்கள். பிளக்ஸ் கடையில் கம்பி கட்டிக்கொண்டிருந்து, ஏணியிலிருந்து விழுந்து, வேலையை விட்டேன்.

சில வருடம் கழித்து ஒரு நாள் காலை தனகோட்டி வந்தார். பார்வை மங்கியிருந்தது, மனைவி படுக்கையில். வயதான கலைஞர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு என்று யாரோ சொல்ல, மனுப் போட்டிருக்கிறார். நடித்ததற்குச் சான்றாகப் பெயரும் படமும் உள்ள நோட்டீஸ் வேண்டும் என்றார்களாம். வீட்டில் அரிசிப் பானைக்கு அடியில் விரித்திருந்த ஏழெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

"இன்னா சொன்னாங்க?"

"இந்த மூஞ்சி ஏற்கெனவே உதவித்தொகை வாங்குதுன்றாங்க மச்சான். பெண்ணாடம் ராசாங்கம் இல்ல, அவன் நாலு வருஷத்துக்கு முன்னாடியே இதே படத்தக் காட்டி வாங்கிட்டானாம். நான் அவன் மூஞ்சியத் திருடிட்டேனாம். கேஸ் போடுவோம்ன்றாங்க."

ராசாங்கமும் பபூன்தான், வயதில் எங்கள் இருவருக்கும் மூத்தவர். அவருக்கும் அதே பிளாக்கைப் போட்டவன் நான்தான்.

தனகோட்டியை அழைத்துக்கொண்டு மறுநாளே அலுவலகம் போனேன். அது எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். மின்விசிறி அங்கேயும் ஒருவர் தலைக்கு மேல்தான் ஓடியது. அதிகாரி நல்ல மனிதர். நோட்டீஸைக் கையில் பிடித்து, தனகோட்டியைப் பார்த்து, மறுபடி நோட்டீஸைப் பார்த்தார்.

"இதுல இருக்கறவரு வெள்ளையா இருக்காரே?"

"பவுடர் சார்."

"மூக்கு கூரா இருக்கே?"

"அது ஒண்ணும் பண்ண முடியாது சார்."

நான் குறுக்கே போய், இது படம் அல்ல, செதுக்கிய கட்டை, எல்லாப் பபூனுக்கும் இதையே போட்டோம் என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியா? அதையே எழுத்துல குடுங்க" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். மேற்படி அச்சகத்தில் நாற்பது வருடம் போல விட்டு விட்டு வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த முகம் தனகோட்டியும் அல்ல, ராசாங்கமும் அல்ல, எவரும் அல்ல என்று. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான உண்மையை நான் எழுதியதில்லை. மேலிருந்து கீழாகத்தான் படித்துப் பார்த்தேன். அர்த்தம் நன்றாக இருந்தது.

அடுத்த மாதம் தனகோட்டிக்கு ஒன்றும் வரவில்லை. ராசாங்கத்துக்கு வந்துகொண்டிருந்ததும் நின்றது. படம் அவருடையது இல்லை என்றால் அவர் கலைஞர் என்பதற்கு என்ன சான்று என்று நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். இது வேறு வகை நோட்டீஸ். இதில் படம் இருக்காது.

ராசாங்கம் பஸ் பிடித்து என் வீட்டுக்கே வந்துவிட்டார். சர்க்கரை வியாதியில் கால் விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள். வாசலில் நின்றே ஆரம்பித்தார்.

"எம் மூஞ்சிய பொய்னு எழுதிக் குடுத்தவன் நீதானா?"

"உங்க மூஞ்சிய சொல்லல மாமா. பிளாக்க சொன்னேன்."

"அந்தப் பிளாக்காலதான்டா மாத்திர வாங்கிகிட்டு இருந்தேன். உன் உண்மைய முழுங்குனா சர்க்கர கொறையுமா?"

உள்ளே தனகோட்டி உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரு காலத்தில் ஒரே மேடைக்குப் போட்டி போட்டவர்கள், பேச்சு வார்த்தை கிடையாது. ராசாங்கம் அவரைப் பார்த்ததும், "திருட்டு மூஞ்சி இங்கதான் கீறியா?" என்றார். தனகோட்டி, "வா மாமா, நம்ம மூஞ்சியப் பத்திதான் பேசிகிட்டு இருந்தோம்" என்றார். ராசாங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் எனக்குத் திட்டு பாதியாகக் குறைந்தது.

இருவரும் விசாரணைக்கு நேரில் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. எழுதிக் கொடுத்தவன் என்பதால் எனக்கும் ஒன்று. நான் இன்னொரு விளக்கம் எழுதுகிறேன் என்றேன். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

"அவுங்களுக்கு வேண்டியது மூஞ்சிதானே. குடுத்துட்டுப் போவோம்" என்றார் தனகோட்டி.

விசாரணை அன்று காலை என் வீட்டிலேயே வேஷம் போட்டார்கள். மனைவி படுத்த பிறகு காலர் தைக்க ஆள் இல்லாமல், தனகோட்டி அட்டையை வெட்டி மடித்துக் கட்டியிருந்தார். ராசாங்கத்துக்குக் கை நடுங்கியது, தனகோட்டிக்குக் கண் சரியில்லை. அதனால் புருவம் வரையும் வேலை எனக்கு வந்தது. அந்த முகத்தை என்னைவிட அதிகம் பார்த்தவன் யார்? நோட்டீஸைப் பார்க்காமலே இருவருக்கும் வரைந்தேன்.

"தழும்பும் போடணுமா?" என்றார் ராசாங்கம்.

"அது வேண்டாம் மாமா. அது நான் கீழ போட்டதால வந்தது."

"எங்கள நீ கீழ போட்டது போதும்" என்றார்.

பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, புருவம் இந்தப் பக்கம்ல ஏறியிருக்கு" என்றார். பார்த்தால், இருவருக்கும் மாற்றி வரைந்திருக்கிறேன். நான் வாழ்நாளெல்லாம் பார்த்தது கட்டையைத்தான். கட்டையில் வலம் இருப்பது காகிதத்தில் இடமாக விழும். இந்தத் தவறு அச்சகத்தில் கிடந்தவனுக்குத் தவிர வேறு யாருக்கும் வராது. அலுவலகக் குழாயடியில் அழித்துத் திரும்ப வரைந்தேன்.

உள்ளே போனதும் தட்டச்சுச் சத்தம் நின்றது. இரண்டு கூம்புத் தொப்பிகளும் அதிகாரியின் மேசைக்கு முன்னால் அடக்கமாக நின்றன. ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டீஸை ராசாங்கத்தின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார், பிறகு தனகோட்டியின் முகத்துக்குப் பக்கத்தில்.

"ரெண்டும் ஒத்துப் போவுதே" என்றார் எழுத்தர்.

"போவுதுய்யா. ஆனா ரெண்டு ஆளு இருக்காங்க."

"அப்ப ரெண்டு பேருக்கும் சான்று சரியாத்தானே சார் இருக்கு?"

அதிகாரி கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, நேரில் பார்வையிட்டதில் இருவரும் நோட்டீஸில் உள்ள படத்தோடு பொருந்துகிறார்கள் என்று எழுதினார். அவர் இதுவரை பார்த்த வேலையில் அது பெரிய தைரியம் என்றே நினைக்கிறேன். எழுதி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப பிரச்சனை உங்க கடிதம்தான். அது கோப்புல இருக்கற வரைக்கும் நான் எழுதுனது நிக்காது."

"அது உண்மை சார்."

"அதனாலதான் பெரியவரே பிரச்சனை."

எழுத்தர் ஒரு தாளை அச்சிட்டு நீட்டினார். மேற்படி அச்சகத்தில் நான் பணிபுரிந்ததாகக் கூறியது தவறு. அச்சுத் தொழில் குறித்து எனக்கு அனுபவம் எதுவும் கிடையாது. எனவே எனது கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அதில் இருந்தது.

இருவரையும் பார்த்தேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. ராசாங்கம் ஒற்றைக் காலில் உடம்பைச் சாய்த்து நின்றார். தனகோட்டியின் கன்னத்தில் பவுடர் வியர்வையில் கரைந்து காலரில் சொட்டியது. தனகோட்டி நம்பிக் கொடுத்த ஒரு போட்டோவை நான் தொலைத்திருந்தேன். அதற்கு இது ஈடாகாது என்று தெரியும். ஆனாலும் வேறு கணக்கு என்னிடம் இல்லை.

தாளின் இடது ஓரம் கோணலாக இறங்கியிருந்தது. சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. எனக்குத்தான் அனுபவம் கிடையாதே. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். இரண்டு கிழட்டுப் பபூன்களைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. ராசாங்கம் வடையைத் தொப்பிக்குள் ஒளித்து, காணோம் என்று தேடினார். தனகோட்டி எதிரில் இருந்தவரின் சட்டைப் பையைச் சோதித்தார். இருவரும் சேர்ந்து நடித்து நான் அன்றுதான் பார்த்தேன். கூட்டத்தில் ஒரு பெண் என்னைக் காட்டி, "இந்தத் தாத்தாவும் உங்க நாடகக் கம்பெனியா?" என்று கேட்டாள்.

தனகோட்டி கண்ணைச் சுருக்கி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"அவரா? அவரு ஒண்ணுமில்லம்மா. சும்மா பாக்க வந்தவரு."

கூட்டத்தோடு சேர்ந்து நானும் கை தட்டினேன்.